கொடிநாள் உண்டியலோடு வந்த பெரியவரை என் கடையிலேயே விரட்டியிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பாத்திரக்கடைக்காரன், காரைக்குடி (டிசம்பர் 9)

காரைக்குடியில் பாத்திரக்கடை. ஐயா 1962இல் ஆரம்பித்தது, அப்பச்சிக்குப் பிறகு பதினாறு வருஷமாக நான் பார்க்கிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் வீட்டில் ஐயா என்றால் தாத்தா, அப்பச்சி என்றால் அப்பா.) கடைப் பெயரைச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள், பரவாயில்லை, திட்டிவிட்டுப் போங்கள்.

போன ஞாயிறு, டிசம்பர் 7, படைவீரர் கொடிநாள். அன்றைக்கு நான் கடையில் இல்லை. தேவகோட்டையில் ஒரு கல்யாணம். ராத்திரி எட்டரைக்கு வந்து கல்லா எண்ண உட்கார்ந்தபோது கடைப்பையன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவன் சட்டைப் பையில் குண்டூசியால் குத்திய ஒரு குட்டிக் கொடி. சிவப்பு, கருநீலம், இளநீலம். "ஏதுடா?" என்றேன். "மிலிட்டரி தாத்தா குத்திவிட்டாரு முதலாளி. காசு குடுத்தேன், சம்பளம் வாங்கினப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு" என்றான். எங்கே நின்றார் என்று கேட்டதும் பையன் சூப்பர்வைசர் இருந்த பக்கம் பார்த்தான். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

கேமராவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். காலை 11.05. எழுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மூன்று மெடல், கையில் சீல் வைத்த உண்டியல், தோளில் ஒரு மஞ்சப்பை. மிதியடியில் செருப்பை நன்றாகத் தேய்க்கிறார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி வாசலில் இருக்கிற போர்டைப் படிக்கிறார். 'நன்கொடை, ரசீதுப் புத்தகத்துடன் உள்ளே வர வேண்டாம்' என்று நான்தான் எழுதி வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைக்கிறார். சூப்பர்வைசர் வந்து ஏதோ சொல்கிறார். என் கேமராவில் சத்தம் வராது. பையன் சொன்னதுதான்: "நிழலுக்கு மட்டும் வாசல்ல நின்னுக்கிறேன்னு கேட்டாரு. வாங்குறவங்கதான் நிக்கலாம்னு அண்ணன் சொல்லிட்டாரு."

அப்புறம் நடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. அவர் வாசல் ரேக்கில் இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுக்கிறார். நகத்தால் சுண்டிப் பார்க்கிறார். கல்லாவுக்கு வந்து தன் சட்டைப் பையிலிருந்து காசு கொடுத்துப் பில் வாங்குகிறார். 42 ரூபாய். முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை, அண்டாவும் குத்துவிளக்குமாகப் போகிற பில்களுக்கு நடுவே தனியாக ஒரே ஒரு டம்ளர். டம்ளரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வாசல் ஓரத்தில் நிற்கிறார். உண்டியலைக் குலுக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். இருபது நிமிஷம்தான். சீர் சாமான் எடுக்க ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியதும் சூப்பர்வைசர் மறுபடி போய் ஏதோ சொல்ல, பெரியவர் தலையை ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் வெயிலுக்குப் போய்விட்டார். ஒரு மணி வரைக்கும் அங்கே நின்றிருக்கிறார்.

சூப்பர்வைசரைக் கேட்டால், "நீங்க எழுதின போர்டுதானே முதலாளி" என்கிறான். சொல்வதும் சரிதான். இரண்டு வருஷம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் 500 கொடுத்து, கடைசியில் அப்படி ஓர் இல்லமே இல்லை என்று தெரிந்த கோபத்தில் மாட்டிய போர்டு அது.

ஐயாவின் பேரேட்டில் வருஷா வருஷம் மகமை என்று தனிப் பக்கம் இருக்கும். வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று எடுத்து வைத்துவிடுவார். அது கடைக்காசு இல்லை, தொடக்கூடாது. அந்தக் காலத்தில் கடை முன்னால் கல் திண்ணையும் இருந்தது. வெயிலுக்கு யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள், யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதாக ஞாபகம் இல்லை. 2011இல் கண்ணாடி முகப்பு போடும்போது நான்தான் உடைத்தேன். மூட்டை இறக்க இடைஞ்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது கேள்வி. அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தாலும் என்ன சொல்வது? ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வந்தால் முடிந்துவிடுமா? உங்கள் கடைகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

வாசல்காவல், தேவகோட்டை

அண்ணே, நான் முதலாளி இல்லை. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷமாக சூப்பர்வைசர். உங்கள் சூப்பர்வைசருக்காகப் பேச ஓர் ஆள் வேண்டுமே.

கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிவதற்குள் கும்பாபிஷேக ரசீதுப் புத்தகம் வரும். அப்புறம் கபடிப் போட்டிக்குக் கோப்பை ஸ்பான்சர். கார்த்திகை மாதம் என்றால் அன்னதானம். மைக் கட்டின ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு குரூப். கட்சிக்காரர்கள் தனி, அவர்களை நாங்கள் தடுப்பதில்லை, அவர்கள் நேராகக் கல்லாவுக்கே போய்விடுவார்கள். இதில் எவர் உண்மை, எவர் டூப் என்று வாசலில் நிற்கிறவனுக்கு அரை நிமிஷத்தில் தெரிய வேண்டும். உள்ளே விட்டால் "எவனைப் பார்த்தாலும் விடுவியா" என்று திட்டு. விடாவிட்டால் இப்படி ஒரு பதிவு. கொடுக்கிற புண்ணியம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு, இல்லை என்று சொல்கிற பாவம் எங்களுக்கு.

டம்ளர் வாங்க வைத்தது தப்புதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அவன் வாங்கு என்று சொல்லியே இருக்க மாட்டான். 'வாங்குறவங்கதான்' என்று தட்டிக்கழிக்கச் சொல்லியிருப்பான். பெரியவர் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டுவிட்டார். மிலிட்டரிக்காரர் இல்லையா.

யாரை விட வேண்டும், எங்கே நிற்க வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்களிடம் கொடுங்கள். அதற்கு மேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஹவில்தார்_ரிட்டயர்டு, திருப்பத்தூர் பக்கம்

தம்பி, நான் மதராஸ் ரெஜிமென்டில் இருந்து வந்தவன். நானும் இரண்டு வருஷம் உண்டியல் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஆளைக் கண்டுபிடிக்கிற வழி. சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் விஷயத்தைச் சொல்லுங்கள். எங்களுக்குக் கொடுத்த உண்டியலில் நம்பர் இருந்தது, எந்த நம்பர் யார் கையில் என்று எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் கேமராவில் முகம் தெரிகிறது என்றால் இன்னும் சுலபம். எங்கள் ஆட்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்காது.

இரண்டாவது, இந்தக் காசு எங்கே போகிறது என்று பலருக்குத் தெரியாது. நிற்கிற கிழவனின் பைக்குள் போகிறது என்றே நினைக்கிறார்கள். பதினைந்து வருஷம் சர்வீஸ் முடித்தால்தான் சிப்பாய்க்குப் பென்ஷன். அதற்கு முன்னால் வெளியே வந்தவனுக்குப் பொதுவாக அது கிடையாது. அப்படிப் பென்ஷன் இல்லாமல் 65 வயது தாண்டிய, ஹவில்தார் ரேங்க் வரைக்குமான ஆட்களுக்குக் கொடிநாள் நிதியிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கியிருக்கிறார்கள். கணவனை இழந்த பெண்களின் பிள்ளைகள் படிப்புக்கு, பெண் கல்யாணத்துக்கு என்றும் போகிறது. கொடியில் சிவப்பு தரைப்படை, கருநீலம் கடற்படை, இளநீலம் விமானப்படை. 1949இலிருந்து டிசம்பர் 7. அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் காலத்தில் நவம்பர் 11இல் காகிதப் பூ கொடுத்து வசூல் செய்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நமக்கென்று தனி நாள், தனிக் கொடி வைத்துக்கொண்டோம்.

சரி, கடைகள் விஷயம். விரட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவன் வேலை அது. ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஊர் என்று வேண்டாம். உங்கள் எல்லோர் கல்லாவிலும் ஒரு சின்ன டப்பா இருக்கும், வெள்ளிக்கிழமை வருகிற பிச்சைக்காரர்களுக்கு என்று ஒரு ரூபாய்ச் சில்லறை போட்டு வைத்திருப்பீர்கள். நான் உண்டியலோடு போய் நின்றேன். முதலாளி போனில் பேசிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அந்த டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார். உண்டியலில் போடச் சொன்னேன். போட்டார். சத்தம் கேட்டது. வெளியே வந்து பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, "அண்ணே, லடாக் பக்கம் இருந்தீங்களா? அங்க டீ ஆறிடுமாமே?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் இருந்தபடியேதான் உண்டியல் பாதி நிறைந்தது.

சும்மா_ஒருத்தன்

எல்லாம் சரி. நிலம் பதியப் போன ஓர் அலுவலகத்தில் கேட்காமலேயே கொடிநாள் சீட்டு என்று நாலைந்தைக் கையில் திணித்து ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள். டிசம்பர்கூட இல்லை, சித்திரை மாதம். அன்றையிலிருந்து கொடி என்றாலே எனக்கு அலர்ஜி.

ஹவில்தார்_ரிட்டயர்டு

தெரியும் தம்பி. அங்கே வாங்குகிற அடி எங்கள் உண்டியலில்தான் விழுகிறது.

பள்ளத்தூர் பொண்ணு, இப்போது இங்கிலாந்து

அண்ணே, மேலே ஐயா சொன்ன அந்தக் காகிதப் பூ இங்கே இன்னும் இருக்கிறது. பாப்பி என்பார்கள். சிவப்புப் பூ, நடுவில் கறுப்பு. ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் வீரர் அமைப்பு 1921இலிருந்து நடத்துகிறது. அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் 11 வரைக்கும் எல்லார் சட்டையிலும் பார்க்கலாம். விலை கிடையாது, போடுவதைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். எங்கள் கடையில் இரண்டு தானியங்கிக் கதவுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு, உங்கள் வீட்டு முகப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி. கோட்டில் மெடல் குத்திய ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். கால் மேல் கம்பளி, பக்கத்தில் பிளாஸ்க். முன்கூட்டியே கடை மேனேஜருக்கு எழுதி, எந்த நாள், எத்தனை மணி என்று பேசி வைத்திருப்பார்கள். கடைக்குள் என்றால் கடைக்காரர் அனுமதி போதும், தெருவில் நிற்க வேண்டும் என்றால் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். டப்பாவைக் குலுக்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. உங்கள் பெரியவரும் குலுக்கவில்லை என்று படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஆனால் இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருஷம் புது மேனேஜர் வந்தார். அந்த நடு இடத்தில் கிறிஸ்துமஸ் சாக்லேட் டப்பாவைக் கோபுரம் மாதிரி அடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். தாத்தாவை வெளியே டிராலி நிறுத்துகிற கூரைக்கு அடியில் போட்டுவிட்டார். நவம்பர் மழை, சாரல் நேராக முகத்தில். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருகிற ஒவ்வொரு கிழவியும் பில் போடும்போது என்னைப் பிடித்து ஏசினார்கள், நான்தான் சாக்லேட் அடுக்கியது மாதிரி. மத்தியானத்துக்குள் கோபுரம் போய் நாற்காலி உள்ளே வந்துவிட்டது. மேனேஜர் தாத்தாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்கி வைத்தார், குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "பால் எனக்கு ஆகாது" என்றார். நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஒரு மாதம் முன்னாலேயே பேசி, நேரம் குறித்து, நாற்காலி போடுங்கள் அண்ணே. வேறு ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். எங்க அப்பத்தா உங்கள் கடையில்தான் தூக்குவாளி வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். கைப்பிடி இன்னும் கழலவில்லை.

பாத்திரக்கடைக்காரன், காரைக்குடி (டிசம்பர் 22)

எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். தூக்குவாளி எங்கள் கடையாகத்தான் இருக்கும், இப்போது வருகிறவை அப்படி இல்லை.

சிவகங்கை போனேன். விஷயத்தைச் சொல்லி போனில் இருந்த படத்தைக் காட்டியதுமே, "அவரா?" என்று ஊரைச் சொல்லிவிட்டார்கள். குன்றக்குடி தாண்டி உள்ளே ஒரு கிராமம். நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். சூப்பர்வைசர் காலையிலேயே வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை.

ஓட்டு வீடு. திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் ஆரம்பிப்பதற்குள் சூப்பர்வைசரைப் பார்த்து, "நீங்கதானே அந்தத் தம்பி, உக்காருங்க" என்றார். இவன் உட்காரவில்லை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் மறந்துபோய், "எங்க கடையில அப்படி நடந்திருக்கக் கூடாதுங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். "போர்டு இருந்துச்சுல்ல, நான்தான் படிச்சுட்டும் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான், அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்கவில்லை.

ராணுவத்தில் தகவல் தொடர்பு பார்க்கிற சிக்னல்ஸ் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தாராம். 1971 சண்டையின்போது கிழக்குப் பக்கம். நான் ஒரு கவரை எடுத்து நீட்டினேன். அவர் கைநீட்டவே இல்லை. "எனக்குப் பென்ஷன் வருதுப்பா. வராதவனுக்குத்தான் நிக்கிறது. ஆபீசுல கட்டி ரசீது வாங்கிக்குங்க" என்றார். மறுநாள் அப்படியே கட்டினேன். இந்த வருஷப் பேரேட்டில் மகமை என்று ஒரு பக்கம் திறந்து அதில் எழுதியிருக்கிறேன். பேரேடு என்ன பேரேடு, கம்ப்யூட்டர்தான். அதில் மகமைக்குத் தலைப்பு இல்லாததால் ஆடிட்டர் தனியாகப் போட்டுத் தந்தார். அதற்கும் நாலு கேள்வி கேட்டார்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே பேசிவிட்டோம். 2026 டிசம்பர் 7 திங்கட்கிழமை, சந்தை நாள், கூட்டம் இருக்கும் என்று அவர்தான் கணக்குப் பார்த்துச் சொன்னார். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர், அப்புறம் இன்னொருவர். கல்லாவுக்கு இடதுபக்கம், மின்விசிறிக்கு அடியில் நாற்காலி. முழங்கால் சரியில்லையாம், கை வைத்த நாற்காலியாக இருந்தால் எழுந்திருக்கச் சுலபம் என்றார். தேவகோட்டைத் தம்பி சொன்ன மாதிரி தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டேன். போர்டை எடுக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், 'கடிதத்துடன் வருபவர்கள் முதலாளியைப் பார்க்கவும்' என்று. வியாபாரி புத்தி, முழுதாக மனசு வரவில்லை.

கிளம்பும்போது, "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனார். பெரியவரின் வீட்டம்மா கையில் எங்கள் டம்ளர். "குறையா நினைக்காதீங்க, தரையில வச்சா ஆடுது, காப்பி சிந்துது" என்றார் அம்மா. வாங்கித் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். ஆடத்தான் செய்தது. அடி கோணல். நகத்தால் சுண்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. பெரியவர் அந்த மஞ்சப்பைக்குள் இருந்து பில்லை எடுத்துக் கொடுத்தார், நாலாக மடித்து வைத்திருந்தார். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்போம். அந்த வரியைக் கண்ணாடி மாட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

மறுநாள் சூப்பர்வைசரே புது டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். கிளம்புவதற்கு முன்னால் ரேக்கில் இருந்து பத்துப் பன்னிரண்டு டம்ளரை இறக்கி, கல்லா மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்து, ஒரு விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு ஆடிற்று. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான், சப்ளையர் வரட்டும் என்று.